ஈப்போ மாமாவுக்கு என்ன பதில்

1953 மார்ச் 2, திங்கள்

காலையில் உறைபனி. ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல. விரல் மடங்கவில்லை, அதனால் எழுத்துக் கோணல்.

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. எனக்குப் பிடித்ததைக் கொட்டை எழுத்திலும் பிடிக்காததைப் பொடி எழுத்திலும் எழுதுவதில்லை. சரித்திர நோட்டின் பின்பக்கம் இதற்கு. சரித்திர நோட்டை யாரும் தானாக எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

காரணம்: ஈப்போவிலிருந்து மாமாவின் கடிதம்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். மலாயாவில் ஈப்போ என்ற ஊரில் மளிகைக் கடை. போன வருஷம் மாமி மௌத்தாகி, மாமா தனி ஆளாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. இப்போது மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஒரு புண், ஆறவேயில்லை. கடையில் நிற்க முடியவில்லையாம். எங்கள் எல்லோரையும் அங்கேயே வந்துவிடச் சொல்கிறார். இனிமேல் கடை அத்தாவுடையதாம். வெளியூர் ஆட்களை உள்ளே விடும் சட்டம் சீக்கிரம் இறுகப் போகிறது, அதனால் வருவதானால் உடனே சொல்லுங்கள் என்று கடைசி வரி.

நான்தான் சத்தமாகப் படித்தேன். அம்மா அடுப்படி நிலையில் நின்று கேட்டாள். முடித்ததும், "அண்ணன் சொகமா இருக்காங்களாமா?" என்றாள். கால் புண்ணைப் படித்த பிறகும் அதையே கேட்டாள்.

அத்தா முடிவு: இன்று முதல் ஏழு ராத்திரி இஸ்திகாரா. பிறகு பதில். (ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாதபோது, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாவிடம் கேட்டுவிட்டு, வலப்பக்கம் சாய்ந்து படுப்பது. எங்கள் வீட்டு நம்பிக்கைப்படி கனவில் வெள்ளையோ பச்சையோ வந்தால் செய்யலாம். சிவப்பு, கறுப்பு வந்தால் வேண்டாம்.)

எனக்குப் போக விருப்பமில்லை. நாலாம் பாரம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் படித்தால் எஸ்.எஸ்.எல்.சி. பள்ளிக்கூட லைப்ரரியில் ஜன்னலோர அலமாரியை இன்னும் தொடவேயில்லை. இதை ஒரு தரம் எழுதியாயிற்று. இனி அடையாளங்கள் மட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் நன்றாக. நிழலில் போனால் குளிர்.

அத்தா பாயைச் சுருட்டும்போது அம்மா, நான், தங்கை மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தபடி.

"என்ன இப்பிடிப் பாக்குறீங்க? ஒண்ணும் வரல. கட்டை மாதிரித் தூங்கிட்டேன்."

அத்தாவுக்குக் கனவே வராது. கல்யாணமான நாளிலிருந்து அத்தா ஒரு கனவு சொல்லிக் கேட்டதில்லை என்கிறாள் அம்மா.

"கனவே வராதவங்க இஸ்திகாரா தொழுதா அல்லா என்னம்மா பண்ணுவான்?"

"வாயக் கழுவுடி," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்பதையும் எழுதவேண்டும்.

அத்தா கடலையே பார்த்ததில்லை. பஸ்ஸில் காட் ரோட்டு மலைப்பாதை இறங்கி வத்தலக்குண்டு சேருவதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து கசக்கிவிடுவார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் எத்தனையோ நாள். "ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வேணும்," என்று அவரே சொன்னார்.

பள்ளிக்கூட அட்லாஸில் ஈப்போவைக் கண்டுபிடித்தேன். ஈயச் சுரங்கம். சுற்றிலும் மலை. வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"குளிருமா?"

"குளிராதும்மா. வேர்க்கும்."

"அப்ப அது என்ன மலை?"

அல்ஜீப்ராப் பரீட்சை வெள்ளிக்கிழமை. ஒன்றும் படிக்கவில்லை.

மார்ச் 4, புதன்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கு விலகியது. பேரி மரத்தில் பூ.

இனி ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு குறி. போ. என்றால் போகலாம். இரு. என்றால் வேண்டாம். தெ. என்றால் தெரியவில்லை.

1. அத்தா கனவு: இல்லை.

2. எங்கள் கடையில் தராசுச் சங்கிலி அறுந்தது. இரு. என்று போட்டேன். "அது போன வருசமே அறுந்திருக்கணும் புள்ள," என்றார் அத்தா. தெ.

3. என் தங்கை சபியா (ஆறு வயசு) கனவு: கப்பலில் எங்கள் வீட்டுச் சேவல் டிக்கட் கிழித்துக் கொடுத்ததாம். சேவல் சிவப்பு. இரு. "கப்பல் என்ன நெறம்?" என்று அத்தா கேட்டார். பச்சையாம். எனவே தெ. சாயங்காலம் மறுபடி கேட்டபோது கப்பல் மஞ்சளாகிவிட்டது.

4. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், போவோமா மாட்டோமா என்று மனதில் கேட்ட அந்த நிமிஷத்தில், பஸ் நிறுத்தத்தில் சீப்பு விற்கிறவர், "போனா வராது, போனா வராது!" இரு.

கடையில் நுழைந்தபோது மலைக்கு உள்ளே போளூரிலிருந்து வரும் கருப்பையா மாமன் பூண்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அத்தாவுக்குத்தான் பூண்டு போடுகிறார். மட்டக்குதிரை வெளியே நின்று எங்கள் கடை வைக்கோல்பிரியைத் தின்றது.

"என்ன ராவுத்தரே, மொகம் இப்பிடித் தொங்கிக் கெடக்கு?"

அத்தா சொன்னார்.

"இதுக்குப் போயி ஏழு ராத்திரியா? எங்கூருக் கோயில்ல பூப் போட்டுக் கேட்டா வெரசாச் சொல்லிரும். செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ஒரு சின்னப் புள்ளைய விட்டு எடுக்கச் சொல்லணும். வெள்ளை வந்தா சரி, செவப்பு வந்தா ஆகாது. நீங்க உங்க சாமியக் கேளுங்க, நான் எங்க சாமியக் கேக்குறேன். ரெண்டும் ஒண்ணே சொன்னா நம்பிருங்க."

"ரெண்டும் ரெண்டு சொன்னா?"

"பேசாமக் கடையத் தொறந்து உக்காருங்க."

வீட்டில் அம்மா புதுப் பூண்டில் பெரிது பெரிதாகப் பொறுக்கி, மஞ்சள் துணியில் தனியாகக் கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். எதற்கென்று கேட்டேன்.

"சும்மாதான்."

பட்டியலில் சேர்க்கவில்லை. பூண்டு கனவு அல்ல.

மார்ச் 5, வியாழன்

வானம் துடைத்த மாதிரி. அத்தா கனவு: இல்லை. அம்மா கனவு: கேட்டதற்கு, "நான் தூங்குனாத்தான," என்றாள். சபியா கனவு: யானை. விசாரிக்கவில்லை.

கிரேஸுக்கு என்மேல் கோபம். கிரேஸ் என் பக்கத்து பெஞ்சு. போன வாரம் அவளுடைய பூகோள நோட்டை நான் திருத்தியதிலிருந்து பேசவில்லை. ஈப்போ விஷயம் காதில் விழுந்து இன்று அவளாகவே வந்தாள்.

"வெரசா ஒரு முடிவெடுக்கச் சொல்லுடி உங்க அத்தாவ. நீ இருப்பியா போவியான்னு தெரியாம நான் எப்பிடிச் சண்டை போடுறது? போறவகூடச் சண்டை போட்டா எனக்குத்தான பாவம்?"

லைப்ரரி சிஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் இருவரும் ஒரு சோதனை செய்தோம். பெரிய இங்கிலீஷ் டிக்‌ஷனரியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து விரல் வைப்பது. முதலில் வந்தது 'கெட்டில்'. கிரேஸ் என் முழங்கையை இடித்துவிட்டாள், அதனால் கணக்கில் இல்லை. இரண்டாவது வந்தது 'பார்னக்கிள்'. கப்பலின் அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சிப்பி ஜீவனாம்.

"அசையாம ஒட்டிக்கிருச்சில்ல? அப்ப நீ இங்கதான்," என்றாள் கிரேஸ்.

"ஆனா அது ஒட்டியிருக்குறது கப்பல்லடி."

ரொம்ப நேரம் யோசித்தோம். சிஸ்டர் வந்துவிட்டார். தெ.

சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அல்ஜீப்ரா நாசம். கடைசிக் கணக்கைத் தொடவில்லை.

அத்தா ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டாராம். சாப்பிடும்போது சொன்னார்.

"கனவு வரணும்னு சட்டமில்லையாம். தொழுத பெறகு மனசு எந்தப் பக்கம் சாயுதோ அதான் பதிலாம்."

"உங்க மனசு எந்தப் பக்கம் சாயுது?" என்றாள் அம்மா.

"எங்க சாயுது? காலையில கடையத் தொறந்தா இங்கன சாயுது. மத்தியானம் யாவாரம் இல்லாம ஈ ஓட்டயில அங்கன சாயுது. உங்கண்ணன் கால நெனச்சா அங்கன. கப்பல நெனச்சா இங்கன."

அம்மா அவர் சோற்றில் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றினாள். அவர் போதும் போதும் என்றார். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இருட்டும் நேரத்தில் எதிர்மலையில் புல் எரிந்தது. சிவப்பாக நெளிந்து நெளிந்து ஒரு கோடு. வாசலில் நின்று பார்த்தோம்.

"செவப்பு," என்றேன்.

"முழிச்சிருக்கயில பாத்தா சேராது," என்றார் அத்தா. மாசி மாதம் வந்தால் புல் எரிவது வழக்கம்தான். இருந்தாலும் இரு. என்று போட்டேன். ஏன் போட்டேன் என்று யோசித்தேன். எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்: அந்தப் பக்கம் குறிகள் கூடினால் எனக்குச் சந்தோஷம்.

மார்ச் 7, சனி

காற்று. கூரைத் தகரம் படபடவென்று. பள்ளிக்கூடம் இல்லை.

அம்மா வெள்ளனே எழுந்திருக்கிறாள், ஆனால் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அடுப்பு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி இருந்தது.

அத்தா சுபுஹு தொழுதுவிட்டு வந்தார். "என்ன? கனவு கண்டியா?"

"ம்."

"என்ன கண்ட?"

அம்மா ஒரு சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தாள்.

"சொல்லு, ஜைனபு. என்ன வந்துச்சு?"

"விடுங்க."

"நல்லதா, கெட்டதா?"

அம்மா எழுந்து தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தாள். நிறையத் தண்ணீர் இருந்தது. மறுபடி மூடினாள்.

கெட்ட கனவு வந்தால் யாரிடமும் சொல்லக்கூடாது. இடப்பக்கம் மூன்று தரம் துப்புவது போலச் செய்துவிட்டுத் திரும்பிப் படுக்கவேண்டும். நல்ல கனவென்றால் நம்மேல் பிரியமுள்ளவர்களிடம் சொல்லலாம். இது எங்களுக்கெல்லாம் சின்ன வயசிலிருந்து தெரியும். அம்மா மேல் அத்தாவைவிடப் பிரியமுள்ளவர் யார்? அவரிடமே வாய் திறக்கவில்லை என்றால் அது கெட்ட கனவுதான். அத்தா அப்படித்தான் கணக்குப் போட்டார். நானும்.

கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "சரி. பதில் வந்துருச்சு. நாம போகல. ஏழு ராத்திரி ஆகணும்னு இல்ல. திங்கக்கெழம கடுதாசி போட்டுருவோம்."

"சரிங்க," என்றாள் அம்மா.

நான் கிரேஸ் வீட்டுக்கு ஓடினேன். அவள் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா பன் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை.

வந்ததும் நோட்டில் இரு. என்று பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். பிறகு ரப்பரால் அழித்து மற்றக் குறிகளின் அளவில் எழுதினேன். தடம் தெரிகிறது.

மத்தியானம். அம்மா அந்த மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்தாள். பூண்டுகளைக் கூடையில் கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மற்றப் பூண்டுகளுக்கு நடுவில் வைத்தாள். பிறகு துணியை உதறி மடித்தாள். நான் வாசல்படியில் புத்தகம் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பவில்லை. ஈப்போவில் மலைப்பூண்டு கிடைக்காது.

மார்ச் 8, ஞாயிறு

சந்தை நாள். மேகம், மழை இல்லை.

சந்தைக்கு வந்த கருப்பையா மாமன் நேரே கடைக்கு வந்தார். நான் அத்தாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வாசலிலிருந்தே சத்தம்.

"கேட்டாச்சு ராவுத்தரே! வெள்ளைப் பூ! மல்லிகை மாதிரி பளிச்சுன்னு வெள்ளை!"

அத்தா கையில் இருந்த படியை வைத்துவிட்டார். "அப்ப எங்களப் போகச் சொல்லுதா?"

"யாரு போகச் சொன்னா? நான் கேட்டது, 'ராவுத்தரு இங்கனயே இருக்கட்டுமா'ன்னுல்ல. வெள்ளை வந்துருச்சு. இருங்க."

அத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்கு வந்த மிஷன் வீட்டு அம்மாள் ஓட்ஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன என்ன என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஏலே கருப்பையா, ஒம் பூண்டுக்காக எங்குடும்பத்தப் பத்திக் கேட்டியாக்கும்?"

"பின்ன? எனக்கு வேணுங்குறதத்தான நான் கேப்பேன்? உங்களுக்கு வேணுங்குறத நீங்க கேளுங்க."

நாங்கள் போகவில்லை என்று அத்தா சொன்னதும் மாமன் மடியிலிருந்து எடுத்த வெற்றிலையை இரண்டாகக் கிழித்து அத்தாவுக்குப் பாதி கொடுத்தார். போகிறபோது குதிரையிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

வீடு வரும்வரை மாமன் சொன்னதே காதில். அவருக்கு வேண்டியதை அவர் கேட்டார். கிரேஸுக்கு வேண்டியதைக் கிரேஸ். எனக்கு வேண்டியதற்கு நான் குறி போட்டேன். அத்தாவுக்கு எது வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை, அதனால் தொழுதார். அம்மாவிடம் இந்த வாரம் முழுக்க என்ன கனவு, என்ன கனவு என்று எல்லோரும் கேட்டோம். வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மா பின்கட்டில் கம்பளி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்தேன்.

"அம்மா. கனவக் கேக்கல. அத நீ சொல்லவேண்டாம்."

"பின்ன என்னடி?"

"உனக்குப் போகணுமா?"

"எனக்கென்ன. உங்கத்தா சொன்னாச் சரி."

"அது அத்தா சொன்னது. உனக்கு?"

கம்பளி கொடியில் சரியாகத்தான் கிடந்தது. அதை இழுத்து இழுத்து விட்டாள்.

"போகணும்," என்றாள். கம்பளியைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு நிறையப் பேசினாள். எனக்குத் தெரியாதவை. அய்யம்பாளையத்தில் அவள் அம்மா மௌத்தானபோது அவளுக்குச் சபியா வயசு. மாமாதான் தலைசீவி விடுவாராம். வகிடு எடுக்கத் தெரியாது, கோணல்மாணலாக. ஊர்ப் பிள்ளைகள், "அண்ணே சீவுன தலை, ஆட்டுக்குட்டி மேஞ்ச தலை," என்று கேலி செய்யுமாம். இவள் அழுவாளாம், ஆனால் வேறு யாரையும் சீவ விடமாட்டாளாம். இவளுக்கு நிக்காஹ் முடித்துவிட்டுத்தான் மாமா கப்பல் ஏறினார். யுத்தத்துக்கு முன்னால் ஒரே ஒரு தரம் வந்தார். அப்போது நான் அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்தேனாம்.

"அப்ப கனவு நல்ல கனவாம்மா?" கேட்டுவிட்டேன். கேட்கமாட்டேன் என்று சொன்ன பிறகு.

"அதான் தெரியலயே. அண்ணன் நம்ம வாசல்ல வந்து நிக்குறாங்க. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில வெள்ளைத் துண்டு. கூப்புட்டா பேச மாட்டேங்குறாங்க. வெள்ளைன்னா நல்லதுன்னு நீங்கல்லாம் சொல்லுவீங்க. எனக்குக் கடைசியில போத்தி அடக்குற கபன் துணிதாண்டி ஞாபகம் வந்துச்சு. சொன்னா உங்கத்தா, 'ஆகா, வெள்ளை'ன்னு கெளம்பிருவாரு. நானோ, வாயத் தொறந்து சொன்னாப் பலிச்சிரும்னு பயந்து முழுங்கிட்டேன்."

"நீ சொல்லாததாலதாம்மா போகவேண்டாம்னு ஆயிருச்சு."

"ஆமா. அப்பிடி ஆகும்னு நெனக்கல."

"அத்தாகிட்டச் சொல்லேன்."

"முடிவாயிருச்சுல்ல. இன்னமே எதச் சொல்ல? நீயும் படிக்கணும்." உள்ளே போய்விட்டாள். கம்பளியை நான்தான் மறுபடி சரி செய்தேன்.

நான் கேட்காமலே இருந்திருக்கலாம். இப்போது எனக்கு மட்டும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு மாமாவுக்கு முடியாது என்று கடிதம் போகும். நான் இங்கே ஐந்தாம் பாரம் போவேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். வழக்கம்போல ஆணம் ஊற்றுவாள்.

மார்ச் 9, திங்கள்

மழை தூறல். மாசியில் மழை. இதற்குக் குறி போடவில்லை. இனிமேல் எதற்கும் போடுவதாக இல்லை.

அல்ஜீப்ரா: நாற்பத்தொன்று. கிரேஸ் தன்னுடைய மார்க்கைக் காட்டவில்லை, என்னைவிடக் கூட என்று அர்த்தம். லைப்ரரியில் ஜன்னலோர அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துப் பதிந்தேன். ஒரு பக்கமும் மனதில் ஏறவில்லை. "என்னடி, இருக்கப்போறவ மூஞ்சியா இது?" என்றாள் கிரேஸ். சொல்லலாமா என்று பார்த்தேன். முதலில் வீட்டில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

இஷா தொழுகை முடிந்ததும் அத்தா தாள் எடுத்து வைத்தார். கடிதம் எப்போதும் அவர் சொல்ல நான் எழுதுவது. அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சபியா தூங்கிவிட்டாள்.

"எழுது. அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இஸ்திகாரா பார்த்ததில்..."

நிறுத்திவிட்டேன்.

"என்ன புள்ள, மை தீந்துருச்சா?"

"இல்லத்தா. அம்மாவக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. வாயே தொறக்கலயே உங்கம்மா. நீயும்தான கூட இருந்த?"

"கனவு இல்லத்தா. அம்மாவுக்குப் போகணுமா வேண்டாமான்னு."

அத்தா என்னைப் பார்த்தார். பாத்திரச் சத்தம் நின்றது.

"ஜைனபு. இங்க வா."

அம்மா ஈரக்கையோடு வந்தாள். என்னை முறைத்தாள்.

"இவ என்னமோ கேக்குறா. உனக்குப் போகணுமா?"

கையைத் துடைத்தாள். முந்தானையில் ஒரு தரம், மறுபடி ஒரு தரம். ஒன்றுமில்லைங்க என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், அதையும் எழுதவேண்டும்.

"ஆமாங்க. எனக்குப் போகணும். அண்ணன் கால நான் என் கண்ணால பாக்கணும்."

"அப்ப அந்தக் கனவு?"

"கனவு என்னவா வேணாலும் இருக்கட்டுங்க. நல்லதுன்னா சந்தோசமாப் போவோம். கெட்டதுன்னா அதுக்குத்தான் இன்னும் வெரசாப் போகணும்."

அத்தா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"ஒரு வாரமா நான் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன், ஜைனபு. எங்கேருந்தாச்சும் பதில் வருமான்னு. நீ பக்கத்துலதான படுத்திருந்த?"

"நீங்க கேக்கலயே."

"கேக்கல," என்றார். பிறகு என்னிடம், "அத அடிக்காத, அடிச்ச கடுதாசி போகக்கூடாது. வேற தாள் எடு."

வேறு தாள். மச்சான் அவர்களுக்கு, வருகிறோம். கடையைக் கைமாற்றிவிட வேண்டியது. நாகப்பட்டினத்தில் விசாரிக்க வேண்டியது. காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும் (இது அம்மா). இனிப்புத் தொடவே கூடாது (இதுவும் அம்மா). அத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். என் எழுத்து என்றைக்கும்போலத்தான் இருந்தது, அது ஆச்சரியம்.

எல்லாம் முடிந்து உறையை எடுத்தபோது அம்மா கேட்டாள்.

"உனக்கு?"

"என்னம்மா?"

"என்னக் கேட்டேல்ல. உனக்குப் போகணுமா?"

"வேண்டாம்மா," என்றேன். "ஆனா வர்றேன்."

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, கேட்டீங்களா? இவளுக்கு வேண்டாமாம். பள்ளிக்கூடம். அந்த ஊருல இவ படிக்க எடம் இருக்கான்னு தெரியாம எப்பிடிக் கூட்டிட்டுப் போறது? கடுதாசில அது இல்லயே."

"ஆமா, இல்ல," என்றார் அத்தா. யோசித்தார். "அடியில எடமிருக்கா? அத நீயே எழுதிரு புள்ள. உங்க மாமா. நீயே கேளு. பதில் வந்த பெறகு டிக்கட்டு எடுப்போம்."

இது அரை மணிக்கு முன்னால். கடிதம் என் முன்னால். அத்தாவும் அம்மாவும் படுத்துவிட்டார்கள். பாயில் ஏதோ பேசுகிறார்கள், எந்தச் சாமானை யாருக்குக் கொடுப்பது என்று. அத்தா நடுவில் சிரிக்கிறார்.

முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தது: அங்கே பெண் பிள்ளைகள் எதுவரை படிக்கிறார்கள்? அடித்துவிட்டேன். யாரோ பிள்ளைகளைப் பற்றி நான் ஏன் கேட்கவேண்டும்? இரண்டாவது: எனக்கு அங்கே பள்ளிக்கூடம் கிடைக்குமா என்று அத்தா கேட்கச் சொன்னார்கள். அதுவும் பொய், கேட்பது நான். மூன்றாவதை நேரே கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மாமா, நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவேண்டும், அதற்கு மேலும் படிக்கவேண்டும். நூர்ஜஹான்.

"இன்னுமா எழுதுற? கண்ணு கெட்டுப் போகும், படு." அத்தா எழுந்து வருகிறார்.

மை காயவில்லை, ஊதிக்கொண்டிருக்கிறேன். அத்தா விளக்கை அணைக்கிறார்.